காபூல் பேராசிரியருக்கு இங்கே ஒரு நாற்காலி

(எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது)

அவைத்தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசி அமர்ந்திருக்கும் கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, ஒரு கல்யாண வீட்டுக்குப் போகவேண்டியிருந்தும் நமக்காக உட்கார்ந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அவர்களே, நூலகர் அவர்களே, வாசகப் பெருமக்களே, வணக்கம். தலைமையாசிரியர் ஐயாவிடம் அப்பாவும் படித்திருப்பார், பிள்ளையும் படித்திருப்பான். அப்படிப்பட்ட வீடுகள் இந்த ஊரில் நிறைய. அவர் தலைமையில் பேசுவது எனக்குக் கிடைத்த பேறு.

மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். ஆப்கானிஸ்தானில் புத்தகங்களுக்கு என்ன ஆயிற்று, ஆசிரியர்களுக்கு என்ன ஆயிற்று, வீடுகளுக்குள் மறைவாக நடக்கும் பெண்கள் வகுப்புகள் எப்படி இருக்கின்றன.

எந்த மேடை ஏறினாலும் நான் சொல்கிற வாசகம் ஒன்று உண்டு: கற்றோர்க்குச் சென்ற இடமெல்லாம் சிறப்பு. இன்றைக்கும் அதைத்தான் பிடித்துக்கொண்டு பேசப்போகிறேன்.

2021 ஆகஸ்ட் 15 அன்று காபூல் தாலிபான் கைக்குப் போனது. 2022 மார்ச் 23 அன்று பெண் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளிக்குத் திரும்பினார்கள். சில மணி நேரத்தில் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அதே ஆண்டு டிசம்பர் 20 அன்று பல்கலைக்கழகக் கதவும் பெண்களுக்குச் சாத்தப்பட்டது. 2024 டிசம்பரில் நர்ஸ் படிப்பும் மருத்துவச்சிப் பயிற்சியும் போயின. நாளைக்கு அந்த ஊர்களில் யார் பிரசவம் பார்ப்பது? 2025-இல் சுமார் 680 நூல்களைப் பல்கலைக்கழகப் பாடத்திலிருந்து நீக்கினார்கள். அவற்றில் 140 பெண்கள் எழுதியவை. கூடவே 18 பாடங்களுக்கும் தடை.

அப்புறம் ஆசிரியர்கள். ஒருவரைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். இஸ்மாயில் மஷால், காபூலில் இதழியல் பேராசிரியர். பெண்களுக்குத் தடை வந்த ஒரு வாரத்துக்குள் டோலோ நியூஸ் தொலைக்காட்சிக்குப் போனார். நேரலை ஓடிக்கொண்டிருக்கிறது. தன் பட்டச் சான்றிதழ்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார், காட்டிவிட்டுக் கிழித்தார். என் அம்மாவும் சகோதரியும் படிக்க முடியாத நாட்டில் எனக்கு இந்தப் படிப்பு வேண்டாம் என்றார். ஐயா, நம் வீடுகளில் சான்றிதழை எங்கே வைக்கிறோம்? பீரோவில், பிளாஸ்டிக் உறைக்குள், நகைக்குப் பக்கத்தில். அதைக் கிழிக்க ஒரு மனிதருக்கு எவ்வளவு வலித்திருக்க வேண்டும்! அதோடு விட்டாரா? படிப்பு கொடுத்தால் எல்லோருக்கும், இல்லையென்றால் யாருக்கும் வேண்டாம் என்று தான் நடத்திய தனியார் பல்கலைக்கழகத்தையே மூடினார். பிறகு ஒரு தள்ளுவண்டியில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டு காபூல் தெருவில் இறங்கினார். விற்பதற்கு அல்ல, போகிறவர் வருகிறவருக்கு இலவசமாகக் கொடுப்பதற்கு. 2023 பிப்ரவரி 2 அன்று பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அடித்து இழுத்துச் சென்றதாக அவருடைய உதவியாளர் சொன்னார். ஒரு மாதம் கழித்துத்தான் விட்டார்கள்.

கற்றோர்க்குச் சென்ற இடமெல்லாம் சிறப்பு. சரி, ஆனால் செல்வதற்கு விசா வேண்டுமே! 2021 ஆகஸ்டில் ஆப்கானியர்களுக்கு ஏற்கெனவே கொடுத்திருந்த விசாக்கள் செல்லாது என்று நம் அரசு அறிவித்தது. இங்கே படித்துக்கொண்டிருந்து, ஊருக்குப் போன மாணவர்கள் பலர் திரும்ப வழியில்லாமல் மாட்டிக்கொண்டார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

இதில் நமக்கு ஒரு பழைய கணக்கும் இருக்கிறது. 1933-இல் நாஜிகள், யூதர் என்பதற்காக மாக்ஸ் பார்ன் என்ற இயற்பியல் மேதையை கெட்டிங்கன் பல்கலைக்கழகத்திலிருந்து விரட்டினார்கள். நம் திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன்தான் அவரை பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு அழைத்து வந்தார். நிரந்தரப் பதவி கொடுங்கள் என்று போராடினார். நடக்கவில்லை. பார்ன் சுமார் ஆறு மாதம் இருந்துவிட்டுப் புறப்பட்டார். எடின்பரோ பல்கலைக்கழகம் நாற்காலி கொடுத்தது. 1954-இல் நோபல் பரிசும் வந்தது. ராமன் கேட்டதை அன்றைக்குக் கொடுத்திருக்கலாமே!

அதனால்தான் கேட்கிறேன். தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகம் ஒவ்வொன்றும் ஓர் ஆப்கான் அறிஞரை வருகைதரு பேராசிரியராக அழைக்க வேண்டும். இரண்டு ஆண்டுச் சம்பளம், குடும்பத்தோடு தங்க ஒரு வீடு. பெண் அறிஞர்களுக்கு முதலிடம். விசாவை ஒன்றிய அரசு தாமதிக்காமல் தர வேண்டும். வெளியே வர முடியாதவர்களுக்கு நம் பல்கலைக்கழக நூலகங்களின் இணையக் கணக்காவது கிடைக்க வேண்டும். கற்றோர்க்குச் சென்ற இடமெல்லாம் சிறப்பு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் நாம். முதல் கடிதம் நம்மிடமிருந்து போகட்டும்.

வீட்டு வகுப்புகள் பற்றிச் சொல்ல நேரம் இல்லை. தலைவர் ஐயா இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டார், அவர் பெருந்தன்மைக்கு நன்றி. முதலமைச்சருக்கும் வெளியுறவு அமைச்சருக்கும் அனுப்பும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. முதல் கையெழுத்தைப் பேரூராட்சித் தலைவர் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். பெயரையும் முகவரியையும் தெளிவாக எழுதுங்கள். கல்லூரி மாணவர்கள் இன்னொரு தாளை வாங்கிக்கொண்டு போய் விடுதியில் கையெழுத்து வாங்கி, வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் நூலகரிடம் சேர்த்துவிடுங்கள். வணக்கம்.