ரிச்மண்ட் விற்றது போதும், இனி யாரைத் தக்கவைக்கப் போகிறோம்?

வணக்கம் மக்களே, மெல்பர்னிலிருந்து. இன்றைக்கு ஊர் சுற்றலும் கிடையாது, சாப்பாடும் கிடையாது, முழுக்க முழுக்க ஃபூட்டிதான். ரிச்மண்ட் டைகர்ஸ் பற்றி ஒரு வீடியோ போடுங்கள் என்று ரொம்ப நாளாக இங்கே இருக்கிற நம்ம ஆட்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கேட்பவர்களில் பாதிப் பேர் கோபத்தில் இருக்கிறார்கள், மீதிப் பேர் ஆகா ஓகோ என்று இருக்கிறார்கள், எனக்கு இரண்டு தரப்போடும் கொஞ்சம் சண்டை இருக்கிறது.

ஊரிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுகிறேன். இது சாக்கர் இல்லை, ஆஸ்திரேலிய ஃபுட்பால், ஏஎஃப்எல். நீள்வட்டப் பந்து, ஒரு பக்கம் 18 பேர், நடுக் கம்பங்களுக்குள் உதைத்தால் 6 புள்ளி, ஓரத்தில் போனால் 1 புள்ளி. சீசன் செப்டம்பர் கடைசியில் முடியும். அக்டோபரில் ட்ரேட், அதாவது கிளப்புகளுக்குள் வீரர்களை மாற்றிக்கொள்வது. நவம்பரில் டிராஃப்ட், அதாவது புதுப் பையன்களைக் கிளப்புகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது, அந்த ஒவ்வொரு முறைக்கும் பெயர் பிக். ஐபிஎல் ஏலம் மாதிரி பணத்தைக் கொட்டி ஆளைத் தூக்க முடியாது. பெரும்பாலும் ஒரு வீரர் போனால் பதிலுக்கு இன்னொரு வீரர் வர வேண்டும், இல்லையென்றால் டிராஃப்டில் பிக் வர வேண்டும். கடைசி இடத்தில் முடித்த அணிக்குத்தான் டிராஃப்டில் முதல் பிக். அப்புறம் ஒன்று, வீரர் சம்மதிக்காமல் அவரை எங்கேயும் அனுப்ப முடியாது. பெரும்பாலும் அவரே "நான் இந்த கிளப்புக்குத்தான் போவேன்" என்று சொல்லிவிடுவார், கிளப் அந்த ஒரே ஒரு ஆளோடு பேரம் பேச வேண்டியதுதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். 2017, 2019, 2020 என்று நான்கு வருடத்தில் மூன்று கோப்பை அடித்த அணி ரிச்மண்ட். அதுவும் 1980-க்குப் பிறகு 37 வருடம் ஒன்றுமே இல்லாமல் கிடந்த அணி. அந்த அணி 2024-ல் இரண்டே இரண்டு ஆட்டம் ஜெயித்துக் கடைசி இடத்தில் முடித்தது. டஸ்டின் மார்ட்டின் ஓய்வு, டிலன் கிரைம்ஸ் ஓய்வு, மார்லியன் பிக்கெட் ஓய்வு. அது முடிந்த கையோடு அக்டோபரில் ஷை போல்டன் ஃப்ரிமேண்டிலுக்கு, டேனியல் ரியோலி கோல்ட் கோஸ்டுக்கு, லியாம் பேக்கரும் ஜாக் கிரஹாமும் வெஸ்ட் கோஸ்டுக்கு. நான்கு பேருமே கோப்பை ஜெயித்தவர்கள். அந்த வாரம் நம்ம வாட்ஸப் குழுவைப் பார்த்திருக்க வேண்டும், எழவு வீடுதான்.

இன்றைக்கும் ஒரு கூட்டம் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறது: கிளப் வீட்டைக் காலி பண்ணிவிட்டது, போல்டனை விட்டிருக்கவே கூடாது. எனக்கும் போல்டன் என்றால் உயிர். 2021-ல் ஆண்டின் சிறந்த கேட்சுக்கான விருது வாங்கினாரே, ஆள் தலைக்கு மேலே ஏறிப் பிடித்தது, அதை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் அவர் மேற்கு ஆஸ்திரேலியாக்காரர், ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்டார். ரியோலியைப் பொறுத்தவரை, மூன்று கோப்பையும் வாங்கித் தந்த கோச் டேமியன் ஹார்ட்விக் அங்கே கோல்ட் கோஸ்டில் இருக்கிறார். இரண்டு பேருக்கும் ஒப்பந்தம் பல வருடம் பாக்கி இருந்தது, பிடித்து வைத்திருக்கலாம்தான். மனசு இங்கே இல்லாத ஆளை அணி கடைசியில் கிடக்கிற நேரத்தில் பிடித்து வைத்து என்ன செய்வது? ரியோலிக்கு 6-வது பிக் கிடைத்தது, 27 வயதுப் பின்கள வீரருக்கு அது பெரிய விலை. போல்டனுக்கு முதல் இருபதுக்குள் மூன்று பிக் வாங்கினார்கள், பதிலுக்கு ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார்கள். 2025 செப்டம்பரில் ஃப்ரிமேண்டிலும் கோல்ட் கோஸ்டும் பெர்த்தில் நாக்-அவுட் ஆட்டம் ஆடி, கோல்ட் கோஸ்ட் ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்ததே, அதைப் பார்த்தபோது வயிறு எரிந்தது உண்மைதான். நம்ம பையன்கள் இருவரும் வேறு வேறு ஜெர்சியில். ஆனால் அந்த இருவரும் இங்கே இருந்திருந்தால் நாம் அந்த ஆட்டத்தில் இருந்திருப்போமா? கண்டிப்பாக இல்லை.

உண்மையான தப்பு நடந்தது 2024-ல் இல்லை, 2022-ல். இதை யாரும் பேசுவதே இல்லை. 2022-ல் தோற்றால் வெளியே என்ற எலிமினேஷன் ஃபைனலில் பிரிஸ்பேனிடம் அவர்களுடைய கப்பா மைதானத்தில் 2 புள்ளியில் தோற்றோம், 106-104. கடைசி நிமிடத்தில் ஜோ டேனிஹர் அடித்த கோல் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. அந்த இரண்டு புள்ளிதான் கிளப்பை ஏமாற்றியது என்பேன். இன்னும் ஒரு கோப்பை இருக்கிறது, நடுக்களத்தில் இரண்டு ஆள் போட்டால் போதும் என்று நினைத்துவிட்டார்கள். ஜிடபிள்யூஎஸ் அணியிலிருந்து டிம் டரான்டோவையும் ஜேக்கப் ஹாப்பரையும் கொண்டுவந்து, ஆளுக்கு ஏழு வருட ஒப்பந்தம் போட்டு, அதற்காக முன்வரிசை பிக்குகளை அள்ளிக் கொடுத்தார்கள். அடுத்த மே மாதமே ஹார்ட்விக் விலகினார். 2023-ல் 13-வது இடம், 2024-ல் 18-வது. வயதான அணியில் இளம் ஆட்கள் வர வேண்டிய இரண்டு வருடத்தின் பிக் கையில் இல்லை, அதனால்தான் விழுந்த வேகம் அவ்வளவு.

இப்போது ஆகா ஓகோ கூட்டத்துக்கு வருகிறேன். இவர்களுக்கு எல்லாமே பிக்தான். 2024 டிராஃப்டில் முதல் 28 இடத்துக்குள் ஏழு பையன்களை எடுத்தோம். முதல் பிக் சாம் லாலர், அப்புறம் ஜோஷ் ஸ்மைலி, டாஜ் ஹாட்டன், ஜான்டி ஃபால், லூக் ட்ரெய்னர், ஹாரி ஆம்ஸ்ட்ராங், டாம் சிம்ஸ். டிராஃப்ட் இரவிலேயே நார்த் மெல்பர்னிடம் பின்வரிசை பிக்குகளைக் கொடுத்து அவர்களுடைய 2025 முதல் சுற்று பிக்கை வாங்கியது மட்டும் சாதாரண வேலை இல்லை, அந்த ஒரு பேரத்துக்காக எங்கள் ஆட்களைக் கையெடுத்துக் கும்பிடுவேன். நார்த் 16-வது இடத்தில் முடித்ததால் அது உச்ச வரிசைக்கு வந்தது. 2025-ல் நம்முடைய பிக்கையும் சேர்த்து இரண்டு மிட்ஃபீல்டர்கள் வந்தார்கள், இரண்டு பேர் பெயரும் சாம். லாலரோடு சேர்த்தால் நடுக்களத்துக்கு மூன்று சாம், கமென்ட்ரிக்காரர்கள் பாடு திண்டாட்டம். 2028-ல் டாஸ்மேனியா 19-வது அணியாக வரும்போது டிராஃப்டில் அவர்களுக்குச் சலுகை இருக்கும், அதற்கு முன்னால் அள்ளிவிட வேண்டும் என்ற கணக்கும் சரியான கணக்குதான்.

எல்லாம் சரி. ஆனால் அந்தக் கூட்டம் அடுத்து சொல்வதுதான் எனக்கு ஆகவே ஆகாது. "டரான்டோவை விற்று இன்னொரு பிக் வாங்கு, ஹாப்பரை யாராவது கேட்டால் கொடுத்துவிடு, டாம் லிஞ்சுக்கு வயதாகிவிட்டது, நான்கெர்விஸ் வேண்டாம், எல்லா இடத்திலும் பையன்களைப் போடு." ஏங்க, இதைத்தானே நார்த் மெல்பர்ன் செய்தது! 2020-லிருந்து 2024 வரை ஐந்து வருடமும் கடைசி இரண்டு இடத்துக்குள்தான் இருந்தார்கள். நல்ல பிக் இல்லாமலா? ஒவ்வொரு வருடமும் இருந்தது. 2021-ல் முதல் பிக்காக ஜேசன் ஹார்ன்-ஃபிரான்சிஸை எடுத்தார்கள், அந்தப் பையன் ஒரே சீசன் ஆடிவிட்டு அடிலெய்டுக்குத் திரும்ப வேண்டும் என்று போர்ட் அடிலெய்டுக்குப் போய்விட்டான். வாரா வாரம் பத்துக் கோல் வித்தியாசத்தில் அடி வாங்கினால் எந்தப் பதினெட்டு வயதுப் பையனுக்கும் ஊர் ஞாபகம் வரத்தான் செய்யும். நாற்றை நட்டுவிட்டு வேலி போடாமல் விட்ட கதை அது.

ஹாத்தார்னைப் பாருங்கள். அவர்களும் 2022 முடிந்ததும் டாம் மிட்செல், ஜேகர் ஓ'மேரா என்று பெரிய பெயர்களை அனுப்பிவிட்டார்கள், அன்றைக்கு எல்லாரும் சிரித்தார்கள், 2023-ல் 16-வது இடம் வேறு. ஆனால் பிக்கை மட்டும் நம்பி உட்காரவில்லை. மற்ற கிளப்புகளிலிருந்து மாசிமோ டாம்ப்ரோசியோ, மாபியர் சோல், ஜாக் ஜின்னிவன் மாதிரி ஆட்களைக் குறைந்த விலையில் கொண்டுவந்தார்கள். 2024-ல் முதல் ஐந்து ஆட்டமும் தோற்றுவிட்டு, ஃபைனல்ஸில் ஒரு ஆட்டம் ஜெயித்து, அரையிறுதியில் 3 புள்ளியில்தான் தோற்றார்கள். வயதில் நடுத்தரமான, கையில் வேலை தெரிந்த நாலு பேர் பையன்களைச் சுற்றி இருந்தார்கள், அதுதான் வித்தியாசம்.

நம்ம அணியிலேயே இதைக் கண்ணால் பார்த்தேன். 2025 முதல் சுற்று, கார்ல்டனோடு, எம்சிஜி-யில், எண்பதாயிரம் பேர். லாலருக்கு முதல் ஆட்டம். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் தாடை உடைந்திருந்தது அந்தப் பையனுக்கு. ஒரு கட்டத்தில் 41 புள்ளி பின்தங்கி இருந்தோம், எனக்குப் பின்னால் இருந்த வரிசை கிளம்ப ஆரம்பித்துவிட்டது. நான் நடு வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் அம்பயர் பந்தைத் தரையில் அடித்து மேலே எழுப்பும்போது நான்கெர்விஸ் தன் முழு எடையையும் போட்டு எதிராளியை இடித்துத் தள்ளுகிறார், பந்து கீழே விழுகிற இடத்தில் டரான்டோவோ ஹாப்பரோ குனிந்து அடியை வாங்கிக்கொள்கிறார்கள். அந்தக் குவியலுக்குள் பையன்கள் போக வேண்டியதே இல்லை. வெளியே நின்று, வந்த பந்தை எடுத்துக்கொண்டு ஓடினால் போதும். அப்படி ஓடித்தான் அன்றைக்கு 13 புள்ளியில் ஜெயித்தோம். பக்கத்து இருக்கைப் பெரியவர், யாரென்றே தெரியாது, என் தோளைப் பிடித்து உலுக்கு உலுக்கு என்று உலுக்கினார். அந்த சீசனில் மொத்தம் ஐந்து வெற்றிதான், 17-வது இடம்தான், இருந்தாலும் பையன்களுக்கு ஜெயிப்பது என்றால் என்னவென்று தெரியும்.

டரான்டோவை இன்றைக்கு விற்றால் என்ன கிடைக்கும்? நீண்ட ஒப்பந்தம், பெரிய சம்பளம், முப்பதை நெருங்குகிற வயது. வாங்குகிற கிளப் நம்மிடமே சம்பளத்தில் ஒரு பங்கு கேட்கும், கொடுப்பது இரண்டாம் சுற்று பிக்காக இருக்கும். அந்தப் பிக்கில் வருகிற பையன் ஆட ஆரம்பிக்க மூன்று வருடம். 2023-ல் கிளப்பின் சிறந்த வீரர் விருது, ஜாக் டயர் மெடல், வாங்கிய ஆளை அதற்காகவா விடுவது? 2022-ல் அவரை வாங்கியது தப்பு என்று நானே சொன்னேன். வாங்கியாயிற்று, இப்போது அந்த ஏழு வருட ஒப்பந்தம்தான் பையன்களுக்குக் காவல்.

உடம்பு விஷயமும் இருக்கிறது. ஸ்மைலி 2025 முழுக்கத் தொடைத் தசைக் காயத்தால் ஒரு சீனியர் ஆட்டம்கூட ஆடவில்லை. லாலருக்கு ஹாம்ஸ்ட்ரிங். ஹாட்டன் முழங்கால் அறுவை சிகிச்சையிலிருந்து திரும்பி வந்த பையன். 2025-ல் மூன்று பேரையும் ஒரே நேரத்தில் ஃபிட்டாக வைத்துக் களத்தில் பார்க்கவே நமக்குக் கொடுத்து வைக்கவில்லை. காயம்பட்ட பையனை அவசரப்படுத்தாமல் இருக்க வேண்டுமென்றால் அவன் இடத்தில் ஆட ஆள் வேண்டும். கோச் ஏடெம் யூசே மேல் கோபப்படுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும், எல்லா வாரமும் இருபது வயதுக்குக் கீழே ஏழெட்டுப் பேரை இறக்கிவிட்டு எந்தக் கோச்சும் ஜெயிக்க முடியாது.

அடுத்த ட்ரேடில் எனக்கு வேண்டியது இதுதான். இன்னொரு முதல் சுற்று பிக் வேண்டவே வேண்டாம். 24, 25 வயதில், பெரிய கிளப்பில் ரிசர்வ் அணியில் உட்கார்ந்திருக்கிற உயரமான பின்கள வீரர் ஒருவர் வேண்டும், நம்ம பையன் லூக் ட்ரெய்னர் பக்கத்தில் நிற்க. லிஞ்ச் முடிகிற வரை ஆடட்டும், எதிரணியின் பெரிய டிஃபென்டர் அவரைப் பிடித்துக்கொண்டிருந்தால்தான் ஜான்டி ஃபாலுக்கும் ஹாரி ஆம்ஸ்ட்ராங்குக்கும் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைக்கும். அப்புறம் 2024-ல் எடுத்த ஏழு பேருக்கும் ஒப்பந்த நீட்டிப்பு, ஒன்றன் பின் ஒன்றாக, வெளியூர் கிளப் யாரும் போன் போடுவதற்கு முன்னால். முதலில் லாலர். சம்பள வரம்பில் இடம் இருக்கிறது, கோப்பை ஆட்களில் பெரும்பாலோர் போய்விட்டார்களே, அந்தப் பணத்தை இங்கே போடுங்கள்.

டரான்டோவை விற்கச் சொல்கிறவர்கள் என்ன பிக் கிடைக்கும் என்று நினைக்கிறீர்கள், அந்தப் பிக்கில் யாரை எடுப்பீர்கள், அதையும் சேர்த்துக் கீழே எழுதுங்கள், அடுத்த வீடியோவில் ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுகிறேன்.