பிரிட்டிஷ் ராணுவப் பதிவேடு: இங்கிருந்து பணம் கட்டுவதற்கு முன்

(திரையில்: பழைய ராணுவச் சேவைப் பதிவின் முதல் பக்கம்)

வணக்கம். தாத்தாவோ பெரியப்பாவோ பிரிட்டிஷ் படையில் இருந்தவர், அவருடைய பணிப் பதிவேட்டின் நகல் வேண்டும், இங்கிருந்து எப்படிப் பணம் கட்டுவது? பார்த்துவிடலாம். ஆனால் கார்டைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு கேள்வி: அவர் இருந்தது எந்தப் படையில்?

நம் பக்கத்துக் குடும்பங்களுக்குக் குழப்பம் வருவது இங்கேதான். 1947-க்கு முன் பட்டாளத்துக்குப் போன நம் ஆட்களில் பெரும்பாலோர் சேர்ந்தது அன்றைய இந்திய ராணுவத்தில். அது வேறு, பிரிட்டிஷ் ராணுவம் வேறு. மதராஸ் ரெஜிமெண்ட் சிப்பாய் என்றால் நீலகிரி வெலிங்டனில் விசாரிக்க வேண்டும். மதராஸ் சாப்பர்ஸ் எனும் பொறியியல் படைப்பிரிவு என்றால் பெங்களூருவில். லண்டனுக்குப் பணம் அனுப்பிப் பயனில்லை.

சரி, அவர் பிரிட்டிஷ் படையிலேயே இருந்தார் என்று வைத்துக்கொள்வோம். முதல் உலகப் போர்க்காலச் சிப்பாய்களின் கோப்புகளில் பாதிக்கும் மேல் 1940 செப்டம்பரில் லண்டனில் விழுந்த குண்டுவீச்சில் எரிந்துபோயின. மிஞ்சியவை லண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அதற்குப் பிந்தியவை பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகத்திடம் இருந்தன. 2022 முதல் அவற்றில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவேடுகளைக் காப்பகத்துக்கு மாற்றும் வேலை நடக்கிறது. அதனால் அவருடைய பிரிவையும் பிறந்த ஆண்டையும் வைத்து, கேட்க வேண்டிய இடம் எது என்பதை பிரிட்டிஷ் அரசுத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

(திரையில்: விண்ணப்பப் பக்கம்)

அமைச்சகம் நெடுநாளாக வாங்கிவந்த கட்டணம் 30 பவுண்டு. காப்பகத்திடம் கேட்டால் அதன் கட்டணம் வேறு. கட்டும் நாளில் திரையில் வரும் தொகையே கணக்கு. பாட்டி உயிரோடு இருந்தால் விண்ணப்பத்தை அவர் பெயரிலேயே போடுங்கள். இறந்தவரின் மனைவி அல்லது கணவர் கேட்டால் அமைச்சகம் கட்டணம் வாங்குவதில்லை. இந்தச் சலுகையைப் பலரும் கவனிப்பதே இல்லை.

இப்போது பணம். முன்பெல்லாம் பவுண்டு காசோலை போன்றவைதான் வழி. பிரிட்டனில் கணக்கு இல்லாதவர்கள் வங்கி டிராஃப்டுக்கு அலைய வேண்டியிருந்தது. இப்போது இணையத்திலேயே கார்டில் கட்டலாம். இந்தியாவிலிருந்து கட்டுகிறவர்களுக்கு யுபிஐ இங்கே உதவாது. விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு வேண்டும். 2020 மார்ச்சிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைத்தே வருகிறது. வங்கிச் செயலியில் அதை இயக்கி, வரம்பையும் கொஞ்சம் கூட்டி வையுங்கள். கட்டி முடித்ததும் மறக்காமல் அணைத்துவிடுங்கள். அந்நியச் செலாவணிக்கென்று வங்கி தனியாக ஒரு கட்டணம் எடுக்கும், அந்தக் கட்டணத்தின்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. கையிருப்பை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்தைத் திறக்கும் முன் அவருடைய முழுப்பெயர், பிறந்த தேதி, ராணுவ எண், இறப்புச் சான்றிதழின் ஸ்கேன் எல்லாம் தயாராக இருக்கட்டும். பணியில் இருந்தபோதே இறந்தவர் என்றால் சான்றிதழ் தேவைப்படாது. ராணுவ எண் தெரியாவிட்டால் பழைய பதக்கங்களின் விளிம்பைப் பாருங்கள், பலவற்றில் பொறித்திருப்பார்கள். பணம் கட்டியதும் வரும் குறிப்பு எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம். நடுவில் விசாரிக்க அந்த எண்தான் வேண்டும்.