டென்ஷனால் மாதவிலக்கு தள்ளிப் போகுமா? திருப்பூரிலிருந்து ஒரு கேள்வி

சரி, அடுத்த கேள்வி திருப்பூரிலிருந்து வந்திருக்கிறது. பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார், அதனால் சொல்லவில்லை. வயது 32, பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர், இரண்டு பிள்ளைகள், வாரத்தில் பாதி நாள் ஒன்றரை ஷிஃப்ட். ஐந்து மாதமாக மாதவிலக்கு 50 நாள், 60 நாள் என்று தள்ளித் தள்ளி வருகிறதாம். கர்ப்பம் இல்லை, தைராய்டு சரி, ஸ்கேனும் சரி. பார்த்த டாக்டர் "டென்ஷனைக் குறைச்சுக்கோம்மா" என்று அனுப்பிவிட்டாராம். "ஏனுங்க டாக்டரம்மா, டென்ஷன் மனசுலதானுங்க இருக்குது, அது எப்படிங்க கர்ப்பப்பைக்குப் போகும்? வீட்டு வேலை செய்யாம இருக்க சாக்குச் சொல்றேன்னு எங்க மாமியார் சொல்றாங்க" என்று கேட்டிருக்கிறார்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன் கண்ணு, நீங்கள் சாக்குச் சொல்லவில்லை. டென்ஷன் மனதோடு நிற்கிற சமாச்சாரமே இல்லை.

மூளைக்கு அடியில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு சின்னப் பகுதி இருக்கிறது, பாதாம் பருப்பு அளவுதான். பசி, தூக்கம், உடம்புச் சூடு, பயம், மாதவிலக்கு எல்லாவற்றுக்கும் அதுதான் மேஸ்திரி. மாதவிலக்குக்காக அது ஜிஎன்ஆர்எச் என்கிற ஹார்மோனை விட்டுவிட்டு அனுப்பும், மாதத்தின் முதல் பாதியில் சுமார் ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு துடிப்பு. அந்தத் துடிப்புக்குத் தகுந்த மாதிரி பிட்யூட்டரி சுரப்பி வேலை செய்யும், பிட்யூட்டரி சொல்கிற மாதிரி சினைப்பை முட்டையை வளர்க்கும். அதே ஹைப்போதலாமஸ்தான் ஆபத்து என்று பட்டால் சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியைத் தட்டி எழுப்பி கார்டிசால் என்கிற ஹார்மோனைச் சுரக்க வைக்கிறது. நாய் துரத்தினால் ஓட அது வேண்டும், ஓடி முடித்ததும் அது இறங்கிவிட வேண்டும். மாதக்கணக்கில் துரத்தல் நிற்கவில்லை என்றால், மேலே அந்த ஜிஎன்ஆர்எச் துடிப்பு மெதுவாகிவிடும், சிலருக்கு நின்றே போகும்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இது புரிய பவானிசாகர் அணையை நினைத்துக்கொண்டால் போதும். அணையில் தண்ணீர் இறங்கிவிட்டால் குடிதண்ணீருக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, கீழ்பவானி வாய்க்காலில் வயலுக்குத் திறப்பதைத் தள்ளிப் போடுவார்கள். வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்றால் வாய்க்கால் உடைந்துவிட்டது என்று அர்த்தமில்லையே, மேலே திறக்கவில்லை, அவ்வளவுதான். உங்கள் ஸ்கேன் சரியாக இருப்பதும் அப்படித்தான்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். தள்ளிப் போவது பெரும்பாலும் மாதவிலக்கு இல்லை, முட்டை வெளிவருவது. முட்டை வெளிவந்தால் அதிலிருந்து சுமார் 14 நாளில் மாதவிலக்கு வந்துவிடும். அந்தப் பின்பாதி அவ்வளவாக மாறாது, முன்பாதிதான் இழுத்துக்கொண்டு போகும். 60 நாளில் வந்தது என்றால் முட்டை 46ஆம் நாள் வாக்கில் வந்திருக்கும், இல்லை வராமலே போயிருக்கும். குழந்தைக்கு முயற்சி செய்கிறவர்கள் 14ஆம் நாள் என்று கணக்குப் போட்டு ஏமாறுவது இதனால்தான்.

கொஞ்ச நாள் முன்னால் ஒரு அம்மிணி என்னிடம் வந்தார். மாதவிலக்குத் தேதி கேட்டால் பெரும்பாலும் "போன மாசம் நோம்பிக்கு முன்னாடிங்க" என்றுதான் பதில் வரும். இவர் ஒரு வருடத்து மாதக் காலண்டரைச் சுருட்டி மஞ்சப் பையில் கொண்டுவந்திருந்தார். பால் சொசைட்டிக்கு ஊற்றிய கணக்கு காலை, மாலை என்று கட்டத்துக்குள் எழுதியிருக்கிறது. சீட்டுக் கட்டுகிற நாளுக்கு ஒரு டிக். மாதவிலக்கு வந்த நாளில் ஒரு சின்ன ஸ்டிக்கர் பொட்டு. முதல் ஆறு மாதம் பொட்டு ஒழுங்காக 29, 30 நாளுக்கு ஒன்று. ஏழாவது தாளிலிருந்து ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் சிவப்புப் பேனாவில் ஒரு வட்டம், என்ன என்று கேட்டால் குழுக் கடன் தவணையாம், வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் செய்ய வாங்கியது. அந்த வட்டங்கள் ஆரம்பித்த இரண்டாவது மாதத்திலிருந்து பொட்டு 41 நாள், 56 நாள் என்று தள்ளிப் போயிருக்கிறது. நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் அவரே விரலை வைத்துக் காட்டி "இங்கிருந்துதானுங்க" என்றார்.

அவரிடம் "டென்ஷன் ஆகாதீங்க" என்று எப்படிச் சொல்வது? தவணைக்காரர் வாசலில் நிற்கும்போது அந்தப் பேச்சுக்கு என்ன மதிப்பு? அதனால் நான் கேட்டது வேறு, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று. பால் கறந்து, ஊற்றி, பிள்ளைகளைக் கிளப்பி, பஸ் பிடித்து, பதினொரு மணிக்கு டீயும் பன்னும். இராத்திரி தூக்கம் ஐந்து மணி நேரம்.

இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். ஹைப்போதலாமஸுக்குக் கடன் கவலையும் பட்டினியும் தூக்கமில்லாமையும் தனித்தனி இல்லை, மூன்றையும் ஒரே கணக்கில்தான் எழுதும். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944-45இல், நெதர்லாந்தில் பஞ்சம் வந்தபோது ஏராளமான பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோனது, சாப்பாடு கிடைக்க ஆரம்பித்த பிறகு திரும்பி வந்தது. கடனை நாளைக்கே அடைக்க முடியாது, ஷிஃப்டை நாளைக்கே மாற்ற முடியாது. ஆனால் வீட்டை விட்டுக் கிளம்பும் முன் இரண்டு இட்லியோ, ஒரு சொம்பு கம்பங்கூழோ, கூட ஒரு முட்டையோ சாப்பிட முடியும். "எல்லாருக்கும் போட்டுட்டு மிஞ்சுனதைச் சாப்புட்டுக்கறேன்" என்கிற பழக்கத்தை இங்கே பல வீடுகளில் பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் மனசு கனத்துப்போகும்.

தூக்கமும் அப்படித்தான். கார்டிசால் விடிகாலையில் ஏறி, எழுந்த அரை மணி, முக்கால் மணியில் உச்சத்துக்குப் போய், நடுராத்திரியில் அடிமட்டத்துக்கு இறங்க வேண்டும். ஸ்பின்னிங் மில்லில் வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறுகிற பெண்களுக்கு இந்த ஏற்ற இறக்கமே குழம்பிப் போகிறது. ஷிஃப்டை மாற்ற முடியாவிட்டாலும் பகலில் தூங்கும்போது ஜன்னலை மூடி இருட்டாக்கி, யாரும் எழுப்பாமல் ஆறேழு மணி நேரம் விட்டால் வித்தியாசம் தெரியும்.

கார்டிசால் ஏறியே இருந்தால் சர்க்கரையும் ஏறும், இன்சுலின் சரியாக வேலை செய்யாது. ஏற்கெனவே பிசிஓஎஸ், அதாவது சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, இருக்கிறவர்களுக்கு இது எரிகிற அடுப்பில் விறகு வைக்கிற மாதிரி. டென்ஷனால் மட்டும் பிசிஓஎஸ் வருவதில்லை, ஆனால் இருப்பதை மோசமாக்கும். 2023இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், பிசிஓஎஸ் உள்ள எல்லாப் பெண்களிடமும் மனச்சோர்வும் பதற்றமும் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கச் சொல்கிறது.

முடி கொட்டுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இன்று சீப்பில் வருகிற முடி இரண்டு மூன்று மாதத்துக்கு முன்னால் பட்ட பாட்டுக்கான முடி. ரத்தச்சோகையும் சேர்ந்திருக்கலாம், நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு அது இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள்.

இப்போது ஒரு கண்டிப்பு. எல்லாவற்றையும் டென்ஷன் தலையில் கட்டக் கூடாது, டாக்டர்களாகிய நாங்களும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மற்றதையெல்லாம் பார்த்து ஒதுக்கிய பிறகு வர வேண்டிய முடிவு அது. தாய்ப்பால் சுரக்க வைக்கிற புரோலாக்டின் ஹார்மோனைப் பார்த்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை, பார்க்காவிட்டால் பார்க்க வேண்டும். ஊசிக்குப் பயந்தால்கூட அது கொஞ்சம் ஏறும், அதனால் லேப்புக்குப் போனதும் கையை நீட்டாமல் கொஞ்ச நேரம் அமைதியாக உட்கார்ந்துவிட்டு ரத்தம் கொடுங்கள். மார்பில் பால் கசிந்தால், தலைவலியோடு பார்வை மங்கினால், மணிக்கொரு நாப்கின் நனைகிற அளவுக்குப் போனால், மூன்று மாதம் சுத்தமாக வராமல் இருந்தால் உடனே வந்துவிட வேண்டும். "வராட்டி நிம்மதிதானுங்க" என்று சிலர் சொல்கிறார்கள். சினைப்பை சுரக்கிற ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைந்தே கிடந்தால் எலும்பு தேயும் கண்ணு, அது வெளியே தெரியாது.

நோம்பிக்குத் தள்ளிப் போடுவதற்கு மெடிக்கலில் மாத்திரை வாங்குகிறார்களே, அதையே வரவழைக்கவும் சிலர் தாங்களாக வாங்கிப் போடுகிறார்கள். நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் ரத்தம் வரும், ஆனால் முட்டை வந்தது என்று அர்த்தமில்லை. மேலே அடைத்திருப்பது அடைத்தபடியே இருக்கும். கார்டிசாலை இறக்கும் பவுடர், ஹார்மோனைச் சமன் செய்யும் சூரணம் என்று போனில் விளம்பரம் வருவதற்கெல்லாம் காசு கொடுக்காதீர்கள், அந்தக் காசுக்கு நிலக்கடலையும் கீரையும் வாங்கிச் சாப்பிடுங்கள்.

மாமியார் பக்கத்தில் இருந்தால் இதைக் கேட்கச் சொல்லுங்கள். அம்மா, உங்கள் காலத்தில் நீங்களும் காட்டு வேலைக்குப் போய்த்தான் பிள்ளை வளர்த்தீர்கள், அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும். யாராவது ஒரு வேளை பாத்திரம் கழுவிக் கொடுத்திருந்தால் உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இராத்திரி எட்டரைக்கு ஷிஃப்ட் முடித்து வருகிற மருமகளுக்கு ஒரு தட்டில் சோறு போட்டு வைத்தால் நான் எழுதித் தருகிற மாத்திரையைவிட அது பெரிய வைத்தியம். வீட்டுக்காரரும் வெறுமனே கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், காலையில் பிள்ளைகளைக் கிளப்புகிற வேலையை அவர் எடுத்துக்கொள்ளட்டும்.

அப்புறம், அழுகை அழுகையாக வருகிறது, எதிலும் பிடிப்பில்லை என்றால் 14416க்குப் போன் செய்யுங்கள். அரசாங்கத்தின் டெலி மானஸ் மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

மூன்று மாதம் காலை சாப்பாட்டையும் தூக்கத்தையும் சரி செய்துகொண்டு, தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். பொட்டு வைத்தாலும் சரி, பேனாவில் எழுதினாலும் சரி. அதையும் புரோலாக்டின் ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு அதே டாக்டரிடம் திரும்பப் போய்க் காட்டுங்கள்.