பதினைந்தா, ஐம்பதா?

அனைவருக்கும் வணக்கம்.

ஊரில் டைப்பிங் இன்ஸ்டிட்யூட் படியேறியவர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருப்பீர்கள். நானும் கும்பகோணத்தில் ஒரு மாடியறையில்தான் பிட்மன் சுருக்கெழுத்து படித்தேன். நிமிடத்துக்கு 120 சொல் எடுத்து ஹையர் தேறிய அன்று, இதற்கு மேல் யார் பேசப்போகிறார்கள் என்று நினைத்தேன். அமெரிக்காவில் கோர்ட் ரிப்போர்ட்டர் தேர்வுக்குப் போனபோதுதான் தெரிந்தது. கேள்வியும் பதிலுமாக நிமிடத்துக்கு 225 சொல், நூற்றுக்கு 95 சரியாக இருக்கவேண்டும்.

ரிப்போர்ட்டர் என்றதும் எந்தப் பத்திரிகை என்று கேட்கிறார்கள். பத்திரிகை இல்லை. ஃபெடரல் கோர்ட்டில், அதாவது அமெரிக்க மத்திய அரசின் நீதிமன்றத்தில், நீதிபதியின் மேடைக்குக் கீழே, சாட்சிக்குப் பக்கத்தில் சின்ன இயந்திரத்தோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். அங்கே பேசுகிற ஒவ்வொரு சொல்லையும் எடுப்பவர் அவர். ஃபெடரல் குற்ற வழக்கு விசாரணையைப் படம் பிடிக்கவோ ஒளிபரப்பவோ கூடாது என்று 1946 முதல் விதி இருக்கிறது. அதனால் அந்த அறைக்குள் நடந்தது வெளியே தெரியவேண்டுமானால் எழுத்தை நம்பித்தான் ஆகவேண்டும். 1944இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் தனிச்சட்டம் போடும்வரை மாவட்ட ஃபெடரல் கோர்ட்டுகளுக்கு இப்படி ஒரு நிரந்தர ஆளே கிடையாது. வழக்காடுபவர்கள் வேண்டுமானால் சொந்தச் செலவில் சுருக்கெழுத்தாளரை அழைத்து வரலாம். காசில்லாதவன் பேசியது காற்றோடு போனது.

இயந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், எனக்கு அதன்மேல் தனிப் பிரியம். 22 கட்டைகள்தான், எழுத்து எதுவும் அச்சடித்திருக்காது. டைப் அடிப்பதுபோல் ஒவ்வொன்றாக அடிக்கமாட்டோம். ஆர்மோனியத்தில் பல கட்டைகளைச் சேர்த்துப் பிடிப்பதுபோல் ஒரே அழுத்து. சொல்லின் முதல் மெய் இடது கைக்கு, உயிர் இரண்டு கட்டைவிரலுக்கு, கடைசி மெய் வலது கைக்கு. 'ம'கரத்துக்குத் தனிக் கட்டை இல்லை, இடப்பக்கம் 'பி'யும் 'ஹெச்'சும் சேர்ந்தால் அது 'எம்'. வலப்பக்கம் 'பி'யும் இன்னொரு 'பி'யும், அதாவது பேப்பர் 'பி'யும் பஸ் 'பி'யும் சேர்ந்தால் 'என்'. நடுவில் 'ஏ'. ஐந்து கட்டை, ஒரே தட்டு: 'மேன்'. வகுப்பில் மற்றவர்கள் இதற்குத் திணறியபோது எனக்குச் சட்டென்று பிடிபட்டது. மெய்யும் உயிரும் சேர்ந்து ஒரே எழுத்தாக நிற்கும் மொழியில் வளர்ந்தவள் அல்லவா!

சரி, வேலைக்கு வருகிறேன். சாட்சி தலையாட்டுவார். தலையாட்டல் எழுத்தில் வராது. "வாய்விட்டுச் சொல்லுங்கள்" என்று யாராவது சொல்லவேண்டும். வக்கீல் சொல்லாவிட்டால் நான் சொல்லவேண்டும்.

ஒரு நாள் போதைப்பொருள் வழக்கு. சாட்சி ஒரு இளைஞன், குனிந்த தலை நிமிரவில்லை. எத்தனை கிராம் என்று வக்கீல் கேட்டார். அவன் முணுமுணுத்தது 'ஃபிஃப்டீன்' மாதிரியும் இருந்தது, 'ஃபிஃப்டி' மாதிரியும் இருந்தது. சுத்தமான மெத்தாம்பெட்டமின் 5 கிராம் தொட்டாலே குறைந்தது ஐந்து வருடம். 50 கிராம் தொட்டால் குறைந்தது பத்து வருடம். வக்கீல் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். நான் கையைத் தூக்கினேன். அறை முழுக்க என்னைப் பார்த்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், குறுக்கிட்டதற்காக ஒரு நீதிபதியிடம் கடுமையாகப் பேச்சு வாங்கியிருக்கிறேன். அது நினைவுக்கு வந்தது. இருந்தாலும் கேட்டேன்: "மன்னிக்கவேண்டும். பதினைந்தா, ஐம்பதா?"

"பதினைந்து. ஒன்று, ஐந்து" என்றான்.

ஒலிப்பதிவுக் கருவி போதாதா என்பார்கள். எத்தனையோ கோர்ட்டுகளில் இன்று அதுதான் ஓடுகிறது, சட்டமும் அனுமதிக்கிறது. ஆனால் அந்த முணுமுணுப்பை அது முணுமுணுப்பாகவே பதிந்து வைத்திருக்கும். கை தூக்கிக் கேட்காது.

அதற்காக எங்கள் காது குறையில்லாதது என்று சொல்லவரவில்லை. 2019இல் ஒரு ஆய்வு வெளியானது. ஃபிலடெல்ஃபியாவின் மாநில நீதிமன்றங்களில் வேலை செய்த 27 ரிப்போர்ட்டர்களுக்கு, கறுப்பின மக்கள் வீட்டில் பேசும் ஆங்கிலத்தில் வாக்கியங்களைப் போட்டுக்காட்டி எழுதச் சொன்னார்கள். நூற்றுக்கு நாற்பது வாக்கியம் தப்பு. 'அவன் வழக்கமாக அந்தப் பக்கம் இருக்கமாட்டான்' என்று பொருள்படும் வாக்கியம், 'நாங்கள் இந்தப் பக்கம் இருக்கப்போகிறோம்' என்று ஆகியிருந்தது. ஒரு மனிதன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன சொல் அவனையே மாட்டிவிடுகிறது. படித்துவிட்டு இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. அந்தப் பேச்சில் 'ஹி பி அட் த ஸ்டோர்' என்றால் அது கொச்சையோ பிழையோ அல்ல. 'சாயங்காலமானால் கடையில இருப்பான்' என்கிறோமே, அந்த 'இருப்பான்'தான் அது. வழக்கத்தைச் சொல்லத் தனி வினை வைத்திருக்கிறார்கள். நமக்குப் புரியவேண்டிய இலக்கணம்! நம் உச்சரிப்பைக் கேட்டுவிட்டு எத்தனை பேர் முகம் சுளித்திருக்கிறார்கள் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். நாமும் அதையே இன்னொருவருக்குச் செய்யலாமா? அப்புறம் நான் அந்தப் பேச்சின் ஒலிநாடாக்களை வாங்கி வைத்து, தினம் ராத்திரி அரைமணி நேரம் எடுத்துப் பழகினேன்.

இவ்வளவு ஏன் என்றால், அப்பீலுக்கு நாங்கள் எழுதித் தரும் தாள்தான் ஆதாரம். 1956இல் கிரிஃபின் என்பவர் வழக்கில் உச்ச நீதிமன்றம், விசாரணைப் பதிவை வாங்கக் காசில்லை என்பதற்காக ஏழைக்கு அப்பீல் வழியை மூடக்கூடாது என்றது. 1964இல் ஹார்டி வழக்கில், அப்பீலுக்குப் புதிதாக வரும் வக்கீலுக்கு முழுப் பதிவும் கிடைக்கவேண்டும் என்றது. விசாரணையின்போது அந்த அறையிலேயே இல்லாத வக்கீல் அவர், வேறு எப்படித் தெரிந்துகொள்வார்? எங்களுக்குச் சம்பளம் போகப் பக்கத்துக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம் உண்டு. ஏழைக் குற்றவாளிக்கு அதை அரசாங்கமே கட்டுகிறது.

ஒரு வழக்கில், தண்டனை பெற்ற பையனின் அம்மா வாராவாரம் போன் செய்வார். முப்பது நாளில் தரவேண்டிய பதிவு, பாதி முடித்திருந்தேன். கடைசி முறை பேசும்போது தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அவன் சொன்னதெல்லாம் அதில் இருக்குமா?"

"வாய்விட்டுச் சொன்னது எல்லாம் இருக்கும்" என்றேன். போனை வைத்துவிட்டு, முதல் பக்கத்திலிருந்து மறுபடியும் வரி வரியாக என் குறிப்போடு ஒத்துப்பார்க்க உட்கார்ந்தேன். பக்கத்துக்கு 25 வரி. விடிந்துவிட்டது.