கோவில்பட்டிக்காரர் எதற்காக எழுந்து வந்தார்?

நடுவர் அவர்களுக்கும் மார்த்தாண்டம் மக்களுக்கும் வணக்கம். வணக்கத்தையும் நேரத்தில் கழித்துவிடுவார்கள் என்ற பயத்தில் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வீட்டுச் சமையலுக்கு ருசி சேர்ப்பது பருவம் பார்த்துச் சமைத்த அன்றைய அடுக்களையா, எந்நாளும் எல்லாம் கிடைக்கிற இன்றைய கிச்சனா? இதுதான் தலைப்பு. நான் அடுக்களை அணி. ஒழுங்காகக் காரணம் சொல்லி வாதாடத்தான் வந்தேன். ஆனால் எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணாச்சி ஒன்று சொன்னார் பாருங்கள், அதை விட்டுவிட்டு என்னால் மேலே போக முடியாது.

"சக்கை சீசன், அதாவது பலாப்பழ சீசன், வந்தால் காலையில் சக்கை, மத்தியானம் சக்கை, ராத்திரியும் சக்கை. இதற்குப் பேர் பாரம்பரியமா? கதியில்லாமை" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தட்டியவர்களில் பாதிப் பேர் வீட்டில் இந்த நிமிடம் சக்கை வத்தல் டப்பா இருக்கும்.

அண்ணாச்சி, நான் தோவாளைப் பக்கம் வயல் நாட்டில் பிறந்தவள். விளவங்கோட்டுப் பக்கம் மருமகளாக வந்தது ஒரு மாசி மாதம். பங்குனியில் மாமியார் பிஞ்சைக் கொத்தி இடிச்சக்கைத் துவரன் வைத்தார். காய் கொஞ்சம் முற்றியதும் புளிக்கறி. இன்னும் முற்றியதும் எண்ணெய்ச் சட்டி ஏறியது, வத்தல். பழுத்தால் சுளை. அளவுக்கு மீறிப் பழுத்தால் வெல்லம் போட்டுக் கிளறி வரட்டி. அதையே அரிசி மாவில் பிசைந்து வயண இலையில் பொதிந்து அவித்தால் கும்பிளப்பம். கொட்டைக்கு, தேங்காய் வறுத்து அரைத்த தீயல் குழம்பு. மடல் பசுவுக்கு. ஆமாம், மூன்று வேளையும் சக்கைதான். ஒரு வேளை மாதிரி மறு வேளை இருந்ததா என்று கேளுங்கள்! இன்றைக்கு ஃபிரிட்ஜ் நிறையச் சாமானை வைத்துக்கொண்டு, கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல, ஓட்டல்ல சொல்லிருவோமா" என்கிறோமே, அதற்கு என்ன பேர் அண்ணாச்சி? கதியுள்ளமையா?

சக்கையின் அருமை மரம் நிற்கிற ஊரில் தெரியாது. அதை ரயிலில் ஏற்ற வேண்டும். எங்கள் வீட்டுக்காரர், அதோ மூன்றாவது வரிசையில் செல்போனைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிகிறாரே, அவர்தான், அப்போது சென்னையில் வேலை பார்த்தார். லீவு முடிந்து கிளம்பும்போது மாமியார் ஒரு வருக்கைச் சக்கையைச் சாக்கில் கட்டிக் கொடுத்தார். "ரெண்டு நாளு கழிஞ்சுதான் பழுக்கும்லே, அங்க போய் வெட்டு." மாமியாரின் கணக்கு சக்கைக்குத் தெரியவில்லை.

நாகர்கோவிலில் ஏறினார், சீட்டுக்கு அடியில் தள்ளினார். வள்ளியூர் வரை ஒன்றும் இல்லை. திருநெல்வேலியில் எதிர் சீட்டு அம்மா மூக்கைத் தூக்கினார். "தம்பி, சென்ட் போட்டிருக்கீங்களா?" இவர் "ஆமா" என்றார். சிரிக்காதீர்கள், சத்தியமாக அப்படித்தான் சொன்னாராம். கோவில்பட்டியில் அடுத்த பெட்டியிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். "இங்க எங்கயோ பலாப்பழம் இருக்கு" என்றார். சொல்லிவிட்டுப் போனாரா? போகவில்லை. உட்கார்ந்துகொண்டார்! முன்பின் தெரியாத ஆள், டிக்கெட் வேறு பெட்டியில், சாக்குப் பையைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார்!

மதுரையில் டிக்கெட் பரிசோதகர் வந்தார். டிக்கெட்டைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், சீட்டுக்கு அடியில் பார்த்தார். "சாக்குல என்ன?" "சக்கை சார்." அவர் முகம் மாறியது. "சக்கைன்னா சொன்னீங்க? எந்த ஊரு?" "மார்த்தாண்டம்." "நான் பாறசாலை." முடிந்தது கதை! கேரளம் 2018இல் சக்கையை மாநிலப் பழமாக அறிவித்தது, நமக்கும் மாநிலப் பழம் அதுதான். எல்லையில் இருக்கிற களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும், பாறசாலை இருக்கிற அந்தப் பக்கமும் வழக்கே இல்லாத ஒரு விஷயம் உண்டென்றால் அது சக்கை. திருச்சி வருவதற்குள் சாக்கு பிரிந்தது. கத்தி ஒரு பாட்டியின் பையிலிருந்து வந்தது. பால் ஒட்டாமல் இருக்கக் கையில் தடவ எண்ணெய் வேண்டுமே! ஒரு பெண் தலைக்கு வைத்திருந்த தேங்காய் எண்ணெய்க் குப்பியைக் கொடுத்தாள். தாம்பரத்தில் இறங்கும்போது சாக்கில் இருந்தது கொட்டை மட்டும்.

அன்று ராத்திரி மாமியார் போனில். "சக்கை எப்பிடிலே இருந்து?" "நல்லா இருந்தும்மா." "ஒனக்கு எத்தனை சொளை கிட்டிச்சு?" பெற்றவள் அல்லவா, கேள்வியிலேயே எல்லாம் தெரிந்திருக்கிறது! "ரெண்டும்மா." "கொட்டையக் களஞ்சிட்டியா?" "இல்லம்மா, இருக்கு." "அப்பச் சரி."

எதிரணியைக் கேட்கிறேன். உங்கள் ஃபிரிட்ஜுக்குள் இருக்கிற எந்தச் சாமானுக்காகக் கோவில்பட்டிக்காரர் எழுந்து வருவார்?

"எல்லாம் எப்போதும் கிடைக்கும்" என்றார் அண்ணாச்சி. குளச்சலில் போய்ச் சொல்லிப் பாருங்கள். மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் விசைப்படகு போகக் கூடாது. குமரிக்குக் கிழக்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மீன் இனம் பெருகட்டும் என்று அரசாங்கமே பருவம் பார்க்கிறது. சித்திரை வெயிலிலேயே நெத்திலியைக் காயப்போட்ட எங்கள் அடுக்களைக்கு அதைச் சட்டம் போட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

புதுசுக்குப் பயந்தவர்கள் என்றும் ஒரு குத்து விட்டார். மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு, எந்த ஊர்ச் செடி? தென் அமெரிக்கா. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதை நாடெங்கும் பரப்பினார். அப்போது நாமும் அந்த நாடுதானே. யாரோ கொண்டுவந்த கிழங்கு, அதில் சயனைடு வரைக்கும் சங்கதி இருக்கிறது. நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும் என்று பழகிக்கொண்டு, சாளை மீன் கறிக்கு ஜோடியும் சேர்த்துவிட்டார்கள் நம் பூட்டிகள். அவர்களா பயந்தவர்கள்?

இத்தனை பேசிய அண்ணாச்சி ஔவையார் கொழுக்கட்டையைப் பார்த்திருக்கிறாரா? முடியாது! "அசந்தால் ஆடி, தப்பினால் தை, மறந்தால் மாசி" என்று செவ்வாய்க்கிழமை பெண்கள் நோன்பிருந்து உப்பில்லாமல் அவிக்கிற கொழுக்கட்டை, ஆண் வாடையே ஆகாது. உள்ளே விடாத அடுக்களையைப் பற்றி வெளியே நின்று இவ்வளவு பேசுகிறார், உள்ளே விட்டிருந்தால் என்ன பேசியிருப்பாரோ!

சரி, கதைக்கு வருகிறேன். கொட்டையை ஏன் கேட்டார் மாமியார்? ஆடியில் எங்கள் பக்கம் மழை விடாது. மரத்தில் ஒன்றும் இருக்காது, கடலுக்கும் போக முடியாது. அதற்காக ஆனியிலேயே கொட்டையைச் செம்மண்ணில் புரட்டிப் பானையில் போட்டு அடுக்களை மூலையில் வைத்துவிடுவார். வேண்டும்போது கழுவி எடுப்பார். புதுசு போலவே இருக்கும்.

ஒரு ஆனி மாதக் கடைசியில் அவர் போய்ச் சேர்ந்தார். பதினாறு முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பின பிறகு வீட்டில் அடுப்புப் பற்றவைக்கவே எனக்குக் கை வரவில்லை. வெளியே மழை. தண்ணீர் குடிக்கிற தம்ளர் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாத மனுஷன், எங்கள் வீட்டுக்காரர், நேராக மூலைக்குப் போய் அந்தப் பானையை இழுத்தார். நிறைய இருந்தது. படுக்கையில் விழுவதற்கு முன்னால் மாமியார் எப்போது இதைச் செய்தார் என்று எங்களுக்குத் தெரியாது. வீட்டுக்காரரே திண்ணையில் உட்கார்ந்து மண்ணைக் கழுவிக் கொடுத்தார். நான் தேங்காயை வறுத்தேன். எந்த நிறத்தில் இறக்க வேண்டும் என்று மாமியார் என் கையைப் பிடித்துச் சொல்லித்தந்தது அது. ஒரு வாய் வைத்துவிட்டு இவர் சொன்னார்: "உப்பு குறைவு." அப்புறம் சொன்னார்: "அம்மைக்கும் எப்பவும் குறைவாக்கும்."

நடுவர் அவர்களே, மாமியார் தீயலில் உப்பு குறைவாகத்தான் இருக்கும். நான் அதையும் சேர்த்தே கற்றிருக்கிறேன். இன்றைக்கு வரைக்கும் கூட்டிப் போட மனசு வரவில்லை.

மணி அடித்துவிட்டீர்கள். இதில் வாதம் எங்கே என்று எதிரணி கேட்கும். அதை எனக்குப் பின்னால் வருகிற எங்கள் அணித் தம்பி பேசுவார், பாயிண்ட் பாயிண்டாக எழுதி வைத்திருக்கிறார். வணக்கம்.