தரையில் மண்டியிட்ட பேரரசர்

நண்பர்களே, அரசர்களுக்கு வயது வரம்பு வேண்டுமா என்று கேட்டவுடன் 70-ஆ, 80-ஆ என்று கணக்குப் போடத் தொடங்குகிறோம். எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

1991-இல் ஜப்பானின் உன்சென் எரிமலை சீறியது. ஊரைவிட்டு வெளியேறியவர்கள் ஒரு விளையாட்டுக் கூடத்தில் தங்கியிருந்தார்கள். பேரரசர் அகிஹிதோ அங்கே போனார். தரையில் மண்டியிட்டு, அவர்கள் முகத்துக்கு நேரே முகம் வைத்துப் பேசினார். இவருடைய தந்தை ஹிரோஹிதோவைத் தெய்வமாக வணங்கிய நாடு அது! பழமைவாதிகள் முகம் சுளித்தார்கள். அவர் விடவில்லை. 1995 கோபே நிலநடுக்கம், 2011 சுனாமி, எல்லா இடத்துக்கும் மனைவி மிச்சிகோவுடன் போனார்.

அந்த நாட்டு அரசமைப்புச் சட்டப்படி பேரரசருக்கு ஆட்சி அதிகாரமே கிடையாது. அவர் மக்கள் ஒற்றுமையின் சின்னம், அவ்வளவுதான். சின்னம் அரண்மனையில் சும்மா இருந்தால் போதாதா? போதாது என்று நம்பியவர் அகிஹிதோ. மக்களிடம் போவதுதான் அவருக்கு வேலை. அதற்கு உடம்பு வேண்டும்.

2003-இல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை, 2012-இல் இதயத்தில் அறுவை சிகிச்சை. 2016 ஆகஸ்ட் 8 அன்று, 82 வயதில், தொலைக்காட்சியில் பேசினார். பதவி விலக விரும்புகிறேன் என்று அவரால் நேரடியாகச் சொல்லக்கூட முடியவில்லை. அது அரசியல் பேச்சாகிவிடும். 1947-ஆம் ஆண்டின் அரச குடும்பச் சட்டத்திலோ விலகுவதற்கு வழியே இல்லை. உடல் தளர்கிறது, முன்போல முழு மனதோடும் உடலோடும் கடமையைச் செய்ய முடியாமல் போகுமோ என்று கவலைப்படுகிறேன் என்றார். மக்களுக்குப் புரிந்துவிட்டது.

வேலையைக் குறைக்கலாமே, பதில் ஆள் வைக்கலாமே என்றார்கள் சிலர். அதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. 1921-இல் நோயுற்ற தன் தந்தை தாய்ஷோ பேரரசருக்காக ஹிரோஹிதோவே அப்படிப் பொறுப்பேற்றவர்தான். ஆனாலும் அகிஹிதோ அதை ஏற்கவில்லை. கடமை செய்ய முடியாதவர் சாகும்வரை பேரரசராகவே கிடப்பது சரியல்ல என்பது அவர் எண்ணம். 1988-இல் தந்தை படுத்த படுக்கையானபோது நாடெங்கும் திருவிழாக்கள் நின்றுபோனதைப் பார்த்தவர் அவர். அவர் பக்கம்தான் நியாயம் என்று நான் நினைக்கிறேன். பெயரை மட்டும் விட்டுவைத்து வேலையைப் பறிப்பது முதியவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

பிரிட்டனின் எலிசபெத் அரசி வேறு வழி போனார். 2022 செப்டம்பரில், 96 வயதில், கைத்தடி ஊன்றி நின்று புதிய பிரதமரை நியமித்தார். இரண்டே நாளில் காலமானார். அதையும் நான் குறை சொல்ல மாட்டேன். சாகும்வரை இருப்பேன் என்று முடிவெடுத்தவர் அவரேதான்.

அந்த உரிமை அகிஹிதோவுக்கு இல்லை. நாடாளுமன்றம் 2017-இல் தனிச் சட்டம் போட்ட பிறகே, 2019 ஏப்ரல் 30 அன்று அவரால் விலக முடிந்தது. 1817-க்குப் பிறகு ஒரு பேரரசர் உயிரோடு பதவி துறந்தது அதுவே முதல் முறை. அப்புறம் என்ன நடந்தது? அந்தச் சட்டம் அவர் ஒருவருக்கு மட்டும்தான். 1960-இல் பிறந்த மகன் நருஹிதோவுக்கும் ஒருநாள் முழங்கால் மடங்காது. அன்று அவரும் தொலைக்காட்சி முன் அமர்ந்து, சொல்ல வந்ததைச் சொல்லாமல் சொல்ல வேண்டியிருக்கும்.