தொலைக்காட்சி நாடகத்தின் உயிர் தொடர்ச்சியே

மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வெள்ளவத்தை மண்டபத்தை நிறைத்திருக்கும் அவையோரே, வணக்கம். தொலைக்காட்சி நாடகத்தைத் தனிக்கலையாக்குவது, முகத்தை நெருங்கிக் காட்டும் அண்மைக் காட்சியா, அங்கம் அங்கமாக நீளும் தொடர்ச்சியா என்பது இன்றைய வழக்கு. தொடர்ச்சியே என்பது எமது அணியின் வாதம்.

சின்னத்திரைக்கு முகமே மேடை என்று எதிரணித் தலைவர் அழகாகச் சொன்னார். முகத்தின் ஆற்றலை நான் மறுக்கவில்லை. ஆனால் பிரெஞ்சு வீராங்கனை ஜோன் ஒஃப் ஆர்க்கின் விசாரணையை இயக்குநர் கார்ல் டிரையர் 1928 இல் மௌனப்படமாக்கியபோதே பெரும்பகுதியை முகங்களைக் கொண்டே சொல்லிவிட்டார். சினிமாவிடம் கடன்பெற்ற ஒன்றைத் தொலைக்காட்சியின் தனிச்சொத்து என்று எப்படி எழுதிவைப்பது?

தொடக்ககால நாடகங்கள் தொடர்களாக இருக்கவில்லையே என்றும் கேட்டார். உண்மைதான்; 1930 இல் பிபிசி ஒளிபரப்பியது இத்தாலிய நாடகாசிரியர் பிரண்டெல்லோவின் ஓரங்க நாடகமொன்றையே. அது மேடைக்கென எழுதப்பட்டது. கமெரா அதை வீடுகளுக்குக் கொண்டுசேர்த்தது, அவ்வளவே. இந்த ஊடகத்துக்கே கைகூடும் வலிமை பின்னர்தான் வெளிப்பட்டது. பிரித்தானியாவில் 1960 டிசம்பரில் தொடங்கிய 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' தொடரின் முதல் அங்கத்திலேயே கென் பார்லோ என்ற இளைஞனாகத் தோன்றிய வில்லியம் ரோச், அறுபது ஆண்டுகளைக் கடந்தும் அதே பாத்திரத்தில் நடித்து, அந்தப் பாத்திரத்தோடு சேர்ந்தே முதுமையடைந்தார். எந்த ஒப்பனைக் கலைஞராலும் வரைய முடியாத அந்தச் சுருக்கங்களுக்குப் பொருள் தருவது, பார்த்தவர்களும் உடன் வாழ்ந்து கழித்த காலம்.

நம் நாட்டிலும் சான்று உண்டு. சுயாதீனத் தொலைக்காட்சியில் 1987 இல் தொடங்கிய 'கோப்பி கடே' என்ற சிங்களத் தொடர், கிராமத்துத் தேநீர்க்கடை ஒன்றில் கூடும் மனிதர்கள் வழியே சமகால நடப்புகளை வாரந்தோறும் பேசியது. இரண்டரை மணிநேரப் படத்துக்குள் அடைக்க முடியாத வாழ்க்கை அது. அடைத்தால் கதை மிஞ்சலாம், அயலவர் உறவு மிஞ்சாது. ஒளிபரப்பு நடந்துகொண்டிருக்கும்போதே எழுதப்படும் தொடரில், ஓர் அங்கத்துக்கும் மறு அங்கத்துக்கும் இடையே வீடுகளில் நடக்கும் பேச்சும் எழுத்தாளரின் காதுக்கு எட்டுகிறது. அச்சிதழ்த் தொடர்கதைக்கும் அந்த வாய்ப்பு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்; ஆனால் அங்கே நம் கண்முன் மூப்படையும் உடல் இல்லை.

எதிரணியினரிடம் ஒன்று கேட்கிறேன். நமது தமிழ்த் தொடர்களில் நடிகர் மாறும்போது, 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று திரையில் எழுதிக் காட்டுகிறார்கள். முகமே அனைத்தும் என்றால் அந்த முகம் போன நாளிலேயே நாடகம் முடிந்திருக்க வேண்டும். பார்வையாளர் சில நாள் முணுமுணுத்துவிட்டு, புதிய முகத்தையும் அதே மருமகளாக ஏற்றுக்கொண்டு, அடுத்த அங்கத்துக்குக் காத்திருப்பது ஏன்?